கால் ஆணி: சின்ன விஷயமா?

'கால் ஆணியும் காய்ப்பும் அன்றாட வாழ்க்கையை அவ்வளவு பாதிக்குமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் பாதிக்கும்.

என் அத்தை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர். வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ஆணி. மிளகு அளவுதான் இருக்கும். ஆனால் வெறுங்காலை ஊன்றினால் கூழாங்கல்லை மிதிப்பது போல இருக்கிறது என்பார். அந்த இடம் தரையில் படாமல் பாதத்தைச் சாய்த்தே நடந்து, கடைசியில் முழங்காலும் வலிக்க ஆரம்பித்தது. செருப்பில்லாமல் கோயில் பிரகாரம் சுற்றுவதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அழுத்தமும் உராய்வும் தொடர்ந்து படும் இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அது பரவலாக இருந்தால் காய்ப்பு, பெரும்பாலும் வலிக்காது. ஆணிக்கு நடுவில் கெட்டியான கரு உண்டு. மிதிக்கும்போது அது உள்ளே குத்துவதால்தான் அந்த வலி.

பிளேடால் சீவாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் நுரைக்கல்லால் (பியூமிஸ் ஸ்டோன்) மெல்லத் தேய்த்தால் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் கார்ன் கேப் என்ற ஒட்டுப்பட்டையில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அது நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரை நோயாளிகள் அதைத் தொடவே வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். உணர்ச்சி குறைந்த காலில் காய்ப்புக்கு அடியிலேயே புண் வந்துவிடும்.

அப்புறம், செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. உங்களுக்கும் நின்றே பார்க்கும் கடை வேலை என்றால், தயங்காமல் நாற்காலி கேளுங்கள்.