ஊரைவிட்டுப் போன பிறகும் கால்பந்து சீசன் டிக்கெட்டை ஏன் வருடாவருடம் புதுப்பிக்கிறார்கள்? எப்படிச் சமாளிக்கிறார்கள்? கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டால் நேரம் மிச்சம்.

நான் இருப்பது எடின்பரோவில். என் சீசன் டிக்கெட், அதாவது சொந்த மைதானத்து லீக் ஆட்டங்களுக்கெல்லாம் ஒரே இருக்கை, கிழக்கு லண்டனில், வெஸ்ட் ஹாம் யுனைடெட் கிளப்பில். நடுவே சுமார் 400 மைல், ரயிலில் நாலரை மணி நேரம். இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகில் ஒரு சீசனுக்குச் சொந்த மைதானத்தில் 19 ஆட்டங்கள். அதில் பாதிக்குச் சற்று மேலே எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுவேன். ரயிலுக்குக் கொடுப்பது டிக்கெட்டுக்குக் கொடுத்ததை எப்போதோ தாண்டிவிட்டது. அலுவலகத்தில் இதைச் சொன்னால் பாவமாகப் பார்க்கிறார்கள். வீட்டில் பாவமாகக்கூடப் பார்ப்பதில்லை.

கால்பந்துப் பைத்தியம் லண்டனில் வந்து பிடித்ததல்ல. நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்காரன். தூத்தூர் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பந்து என்றாலே கால்பந்துதான், கிரிக்கெட் எல்லாம் அப்புறம் வந்தது. ஆனால் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் அறை எடுத்தது பந்துக்காக அல்ல. தமிழ் மளிகைக் கடை, கோயில், சர்ச், நாலு பேர் சேர்ந்து தங்க வாடகை வீடு எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. எல்லாரும் அதற்காகத்தான் அங்கே போனோம். வெஸ்ட் ஹாமின் பழைய மைதானம் அடுத்த ஸ்டேஷனான அப்டன் பார்க்கில் இருந்தது தற்செயல். ராத்திரி ஆட்டத்தை டிவியில் போட்டிருப்போம். கோல் விழுந்தால் திரையில் வருவதற்கு முன்பே ஜன்னல் வழியாகச் சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேறு கிளப்பை எப்படிப் பிடிப்பது?

இனி 'ஏன்' என்பதற்கு வருகிறேன். ஊரைவிட்டுப் போன பிறகும் மைதானத்துக்குத் திரும்பி வருவது இந்தக் கிளப்பில் விதிவிலக்கே அல்ல. போகாமல் அங்கேயே இருப்பவர்தான் அபூர்வம்.

தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர்கள் 1895இல் தொடங்கிய அணி இது. 1900இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆனது. சின்னத்தில் இரண்டு சுத்தியல் இருப்பதும், ரசிகர்கள் இன்றும் 'அயர்ன்ஸ்' என்று கத்துவதும் அதனால்தான். 1904இல் அப்டன் பார்க்குக்கு வந்தார்கள். சுற்றிலும் துறைமுகக் கூலிகள், ஆலைத் தொழிலாளிகள். பிறகு இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுகள் துறைமுகப் பகுதியைத்தான் முதலில் தேடி வந்தன. போர் முடிந்ததும் லண்டனுக்கு வெளியே எசெக்ஸ் பக்கம் பேசில்டன், ஹார்லோ என்று புதிய நகரங்களை அரசாங்கம் கட்டியது. தோட்டம் வைத்த வீடு கிடைக்கிறதென்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். 1981இல் ராயல் டாக்ஸ் துறைமுகம் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டபோது மிச்சமிருந்த பிழைப்பும் போயிற்று. அவர்கள் காலி செய்த வரிசை வீடுகளுக்குக் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் வங்காளிகளும் வந்தார்கள். இலங்கைத் தமிழர்கள் வந்தார்கள். கடைசியாக என்னைப் போல விசா ஸ்டாம்போடு வந்தவர்கள்.

போனவர்கள் வீட்டைத்தான் விட்டார்கள், டிக்கெட்டை விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எசெக்ஸிலிருந்து வரும் ரயில்கள் மெரூன் சட்டைகளால் நிரம்பும். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்காரும். ஆட்டம் முடிந்தால் மறுபடி ரயில். எங்கள் பக்கத்தில் கல்ஃபில் இருப்பவனும் ஊர்த் திருவிழா வரியைத் தவறாமல் அனுப்பிவிடுவானே, கிட்டத்தட்ட அதேதான். திருவிழாவுக்கு வர முடியுமா என்பது வேறு விஷயம். வரி கட்டாவிட்டால் ஊர்க்கணக்கில் பேர் இருக்காது.

எனக்கு அடுத்த இருக்கைக்காரர் பேசில்டனிலிருந்து வருகிறார். எழுபதைத் தாண்டியவர், பழைய மைதானத்துக்குப் பக்கத்தில் பிளைஸ்டோவில் பிறந்தவர். நான் முதலில் தங்கிய அறை அவருடைய பாட்டி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது என்று தெரிந்ததும் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. அந்த முனையில் மீன் பொரிக்கும் கடை இருந்ததே, இப்போது என்ன? ஃபோன் கார்டு கடை வந்து, அதுவும் போய், இப்போது இடியாப்பமும் கொத்துரொட்டியும் விற்கிறார்கள் என்றேன். கொத்துரொட்டி எப்படிச் செய்வார்கள் என்று முதல் பாதி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் அவ்வளவு மோசம். அவர் பாட்டி தெருவின் நிலவரத்தை அவருக்குச் சொல்லும் ஆளாகச் சில வருடம் இருந்தேன். மனைவிக்கு எடின்பரோ மருத்துவமனையில் வேலை கிடைத்து, வீட்டை மாற்றப் போகிறோம் என்று சொன்னபோது அவர் வருத்தமெல்லாம் படவில்லை. "சரி, நீயும் எங்க ஆளாயிட்டே" என்றார். புதுப்பிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அதன் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் போவதற்கு முன்னால் கிளப்பே போய்விட்டது. 2016 மே 10 அன்று அப்டன் பார்க்கில் கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக. எதிரணியின் பேருந்து மீது பாட்டில்கள் பறந்து, ஆட்டம் 45 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. கடைசியில் வின்ஸ்டன் ரீட் தலையால் முட்டிய கோலில் 3-2 என்று ஜெயித்தார்கள். டிக்கெட் கிடைக்காமல் வெளியே கிரீன் தெருவில் நின்றிருந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். 2012 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய ஸ்ட்ராட்ஃபோர்டு மைதானத்துக்கு அணி குடிபோனது. தூரம் மூன்று மைல்கூட இருக்காது, ஆனால் பழைய ஆட்கள் பலர் இன்னும் மன்னிக்கவில்லை. குறை நியாயமானதுதான். தடகளத்துக்காக ஓடுபாதையோடு கட்டியது, ஆகவே கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் முகம் தெரியாது. பழைய இடத்தில் கார்னர் எடுக்க வருகிறவரின் காதைத் திருகிவிடலாம் போல இருக்கும். ஒரு நல்லதும் நடந்தது. சுமார் 35,000 பேர் கொள்ளும் இடத்திலிருந்து 60,000 பேர் கொள்ளும் இடத்துக்குப் போனதால் என் போன்றவனுக்கும் சீசன் டிக்கெட் கிடைத்தது. முதல் வருடம் வயது வந்தோருக்கான மிக மலிவான டிக்கெட் 289 பவுண்டு, அதாவது ஆட்டத்துக்குப் பதினைந்து பவுண்டு சொச்சம். இன்று அந்த விலையைச் சொன்னால் அழுகை வரும்.

எப்படிச் சமாளிக்கிறோம் என்பதையும் கேட்டிருக்கிறீர்கள். இதில் எதிரி தூரம் அல்ல, டிவி.

ஆட்ட அட்டவணை ஜூன் மாதமே வந்துவிடும். அதை நம்பி ரயில் டிக்கெட் எடுத்தால் தொலைந்தோம். பின்னால் டிவி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைப் பொறுக்கி எடுக்கும். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் ஞாயிறு நாலரைக்கோ திங்கள் இரவு எட்டு மணிக்கோ போய்விடும். முன்கூட்டி எடுக்கும் மலிவான ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. டிவி முடிவு வரும்வரை காத்திருந்தாலோ மலிவானதெல்லாம் தீர்ந்திருக்கும். என் வழக்கம் இது: யாரும் பார்க்க விரும்பாத எதிரணியோடு ஆட்டம் என்றால் முன்கூட்டியே எடுத்துவிடுவேன், பெரிய அணிகள் என்றால் காத்திருப்பேன். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம்தான் நமக்கு வரம், ஓட்டமும் நடையுமாக அன்றிரவே வீடு வந்துவிடலாம். மாலை ஐந்தரை ஆட்டம் என்றால் லண்டனில் தங்கியாக வேண்டும். இரவு முழுக்கப் படுத்துக்கொண்டே வர ஸ்காட்லாந்துக்குத் தூங்கும் வசதியுள்ள ரயில் இருக்கிறதே என்பீர்கள். வாரத்தில் அது ஓடாத ஒரே இரவு சனிக்கிழமை.

அணி நன்றாக ஆடினால் இன்னும் கஷ்டம். 2021 முதல் தொடர்ந்து மூன்று சீசன் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடினார்கள். அவை வியாழன் இரவுகளில் நடப்பதால் லீக் ஆட்டம் அநேகமாக ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். திங்கள் காலை ஒன்பது மணிக்கு நான் கணினி முன் உட்கார வேண்டும். தூரத்து ரசிகன் தன் அணி புள்ளிப் பட்டியலின் நடுவில் சுமாராகக் கிடக்க வேண்டும் என்று உள்ளூர ஆசைப்படுவான் என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை.

போகாத சனிக்கிழமை என்ன செய்வது? பிரிட்டனில் சனி மதியம் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் டிவியில் நேரடியாகக் காட்டக் கூடாது. அறுபதுகளிலிருந்து இருக்கும் ஏற்பாடு, சின்ன கிளப்புகளின் கூட்டம் குறையக்கூடாது என்பதற்காக. ஆகவே நான் எடின்பரோவில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருப்பேன். நாகர்கோவிலில் தம்பி ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்தபடி ஃபோனில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது ஆஃப்சைடா இல்லையா என்று அவனைக் கூப்பிட்டுக் கேட்கும் நிலைமை. "நீ அங்க போய் என்னண்ணே பிரயோஜனம்" என்பான்.

போகும் நாள் எப்படி இருக்கும் என்றால், விடியும் முன் எடின்பரோ வேவர்லி ஸ்டேஷன், காலையில் லண்டன் கிங்ஸ் கிராஸ். அங்கிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் மெட்ரோ ரயில் நேரே ஈஸ்ட் ஹாமில் கொண்டுபோய் விடும். முதலில் தோசை. பிறகு மளிகை, கீரை, நல்ல மீன் மசாலா. இதில் ஒரு சிக்கல் உண்டு. மைதானத்துக்குள் ஏ4 தாளைவிடப் பெரிய பையை விட மாட்டார்கள். முருங்கைக்காயை எந்த ஏ4 பையில் வைப்பது? பழைய அறைத்தோழன் வீட்டில் போட்டுவிட்டு ஸ்ட்ராட்ஃபோர்டு போக வேண்டும், திரும்பும்போது எடுக்க வேண்டும். நேரம் இல்லாவிட்டால் மளிகையைத் துறக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஸ்ட்ராட்ஃபோர்டு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஊழியர்கள் 'ஸ்டாப்', 'கோ' என்று எழுதிய பலகையைத் திருப்பித் திருப்பிக் காட்டி ஆயிரக்கணக்கானவர்களை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். ரயிலைப் பிடிக்க வேண்டியவனுக்கு அந்தச் சிவப்புப் பலகை முன் நிற்கும் நிமிடங்கள் தோல்வியைவிடக் கொடுமை. 85ஆவது நிமிடத்தில் எழுந்து போய்விடலாமே என்பார்கள். பேசில்டன்காரர் பக்கத்தில் இருக்கும்போது எப்படி எழுந்திருப்பது?

வர முடியாத ஆட்டங்களுக்கு இருக்கையை கிளப்பின் இணையதளம் வழியாகவே மறுவிற்பனைக்குப் போடலாம். விற்றால் பணம் கொஞ்சம் திரும்பும். ஃபேஸ்புக்கில் யாருக்காவது விற்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 சட்டப்படி குற்றம். பெரிய கிளப்புகள் சிலவற்றில் ஒரு சீசனில் குறைந்தபட்சம் இத்தனை ஆட்டத்துக்கு இருக்கை பயன்பட வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஊர் மாறுவதற்கு முன் உங்கள் கிளப்பின் விதியைப் படித்துவிடுங்கள்.

உள்ளூர் அணியைப் பிடித்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு: போகிறேனே. எடின்பரோ அணியான ஹார்ட்ஸ் ஆடும் டைன்காசில் அருமையான மைதானம். கூட்டம் ஆட்டக்காரர்களின் தோளில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும், பக்கத்து வடிசாலையிலிருந்து தானியம் வேகும் வாசனை வரும். சட்டை நிறமும் ஏறக்குறைய நம் மெரூன்தான். ஆனால் அங்கே நான் தோற்றாலும் நன்றாகத் தூங்குவேன். அதுதான் வித்தியாசம்.

2023 ஜூன் 7 அன்று பிராகில் ஃபியோரென்டினாவை 2-1 என்று வென்று கான்ஃபரன்ஸ் லீக் என்ற ஐரோப்பியக் கோப்பையை எடுத்தார்கள். 90ஆவது நிமிடத்தில் ஜாரட் போவன் ஒற்றையாக ஓடி அடித்த கோல். 1980இல் வென்ற எஃப்.ஏ. கோப்பைக்கு (இங்கிலாந்தின் உள்நாட்டுக் கோப்பை) பிறகு பெரிய கோப்பை என்று சொல்லிக்கொள்ள ஒன்று. மறுநாள் வெற்றி ஊர்வலத்தைப் பழைய மைதானப் பகுதியிலிருந்துதான் தொடங்கினார்கள். கிளப்புக்கும் வரி கட்ட வேண்டிய ஊர் எதுவென்று தெரிந்திருக்கிறது.

விட்டுவிட வேண்டியவர்களும் உண்டு. சீசனில் நாலைந்து ஆட்டத்துக்கு மேல் போக முடியாது, பக்கத்து இருக்கைக்காரர் பேர்கூடத் தெரியாது, பழைய தெருவில் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை என்றால் அந்த இருக்கை காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஒரு பையனுக்குப் போகட்டும். உறுப்பினர் அட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டிய ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கலாம், செலவும் குறைவு.

அப்புறம், வடக்கே குடிவந்தவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, வெளியூர் ஆட்டங்கள். பிரீமியர் லீகில் வெளியூர் ரசிகர்களிடம் 30 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2016 முதல் விதி இருக்கிறது. சீசன் டிக்கெட்டோடு சேரும் விசுவாசப் புள்ளிகள்தான் அந்த டிக்கெட்டுகளை வாங்கித் தரும். நியூகாசில் எனக்கு ஒன்றரை மணி நேரம்தான், லண்டன்காரர்கள் எல்லாரும் அன்றைக்கு என் பக்கம் வர வேண்டும். அங்கே வெளியூர்க்காரர்களை மைதானத்தின் உச்சியில், ஏழாவது மட்டத்தில் உட்கார வைப்பார்கள். படிக்கட்டில் 14 அடுக்கு ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே ஏற ஆரம்பித்துவிடுங்கள், மேலே காற்று அடிக்கும், காதை மூடும் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.