அவரோகணமும் ஒரு மணியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக அவர் வில் வாத்தியங்களுக்கும் ஒரு மணிக்குமாக எழுதிய ‘கான்டுஸ்’ கேட்டேன். போனில்தான், மூன்று தடவை. கீபோர்டிலும் வாசித்துப் பார்த்தேன். நடபைரவி ராகத்தின் அவரோகணம் (இறங்கு வரிசை), திரும்பத் திரும்ப அதே. ஒரு மத்தியானத்தில் யாரும் எழுதிவிடலாமே, இதற்கா இவ்வளவு பெயர்? இன்னொன்று: எல்லா வாத்தியமும் நின்றபின் ஒரு மணி கேட்கிறது. யாரும் அதை அடித்த மாதிரியே தெரியவில்லை. எடிட்டிங் வேலையா?

க., திருச்சி

அன்புள்ள க.,

நடபைரவி என்று பிடித்தது சரி. ஆனால் நீங்கள் வாசித்தது பாதியைத்தான். வலது கையில் அவரோகணம் இருக்கட்டும். இடது கைக்கு ச, க, ப மூன்றே ஸ்வரம். வலது கை எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே, மிக அருகில் இருக்கும் ஸ்வரத்தை இடது கை சேர்ந்து அடிக்க வேண்டும். ச–ப, நி–ப, த–ப, ப–க, ம–க, க–ச, ரி–ச. மெதுவாக வாசியுங்கள். த–ப வரும்போது அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் உரசும். அடுத்த ப–க இதமாக அமரும். ம–க மறுபடி லேசாக நெருடும். இந்த நெருடலையும் இதத்தையும் எங்கே வைப்பது என்று அவர் தனித்தனியாக முடிவு செய்யவில்லை, விதி கொண்டுவந்து வைக்கிறது. சிறு மணிக்கான லத்தீன் சொல்லிலிருந்து இந்த முறைக்கு டின்டினாபுலி என்று பெயர் வைத்தார். இரண்டு குரல் அல்ல, ஒன்றும் ஒன்றும் ஒன்று என்பது அவர் மனைவி நோரா தந்த சூத்திரம்.

இனி கணக்கு. முதல் வயலின் ச, ச நி, ச நி த என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்வரம் கூட்டிக்கொண்டு இறங்கும், நெடிலும் குறிலுமாக. இப்படி ஆறு போல விரிந்துகொண்டே போவதை நம் ஊரில் ஸ்ரோதோவஹ யதி என்போம். (அவர் இங்கிருந்துதான் எடுத்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.) இரண்டாம் வயலின் அதையே ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா அதிலும் பாதி, அதைவிடப் பெரிய செல்லோ அதிலும் பாதி, எல்லாவற்றிலும் பெரிய, அடிக்குரல் வாத்தியமான கான்ட்ராபாஸ் பதினாறில் ஒரு பங்கு வேகம். வயலின் 2 எண்ணிக்கை பிடிக்கும் ஸ்வரத்தை கான்ட்ராபாஸ் 32 எண்ணிக்கை இழுக்க வேண்டும். ஒரே வரி ஐந்து வேகத்தில் ஒரே சமயத்தில் ஓடுகிறது. தனக்குக் குறித்த ஸ்வரத்தை எட்டிய பிரிவு அங்கேயே நின்றுவிடும். இடது கைக்குச் சொன்ன ச-க-ப துணைக்குரல் வயோலாவுக்கு மட்டும் கிடையாது.

போனில் கேட்டேன் என்கிறீர்களே, அங்கேதான் பாதி போய்விட்டது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடிக்குரல் போன் ஸ்பீக்கரில் அநேகமாக வராது. மேலே இருக்கும் வயலினைக் கேட்டுவிட்டு ‘திரும்பத் திரும்ப அதே’ என்கிறீர்கள். அடியில் இருக்கும் கான்ட்ராபாஸ்காரர் இன்னும் சில படிகள்கூட இறங்கியிருக்க மாட்டார்.

வாசிப்பவர்களும் இதில் சறுக்குவார்கள். கான்ட்ராபாஸ் வரிசையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வில்லைத் திருப்பினால் ஒலியில் ஓட்டை விழும்; ஆளுக்கொரு இடத்தில் மாற்ற வேண்டும். மிக மெல்லிதாகத் தொடங்கி உச்ச ஒலி வரை போகும் இசை இது. நடுவிலேயே பலத்தைச் செலவழித்துவிட்டால் கடைசியில் ஏற இடமிருக்காது. சோகமான இசை என்று நினைத்து வேகத்தை இழுத்தடிக்கும் நடத்துநர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது; கணக்கை ஒழுங்காகப் போகவிட்டால் சோகம் தானே வரும்.

ஒரு மத்தியானத்தில் எழுதலாம் என்றீர்கள். விதி தெரிந்தபின் எழுதலாம்தான். விதிக்கு வர எட்டு வருஷம் ஆயிற்று. 1935இல் எஸ்தோனியாவின் பைடேயில் பிறந்தவர், எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். 1968இல் அவருடைய ‘க்ரேடோ’ என்ற படைப்பு கிறிஸ்துவை அறிக்கையிட்டதால் சோவியத் ஆட்சியில் முடக்கப்பட்டது. பிறகு 1976 வரை மௌனம் என்பார்கள். அது முழுக்கச் சரியல்ல: பிழைப்புக்குப் படங்களுக்கு இசை செய்தார், 1971இல் மூன்றாம் சிம்பொனி எழுதினார். மற்ற நேரமெல்லாம் பழைய கிறிஸ்தவ தேவாலயப் பாடல்களான கிரெகோரியன் கீதங்களைப் படிப்பதும், ஒற்றை வரி மெட்டுகளாக நோட்டு நோட்டாக எழுதுவதும்தான்.

கீபோர்டு இருப்பதால், அந்த மௌனத்துக்குப் பிறகு 1976இல் வந்த ‘அலினாவுக்காக’ என்ற பியானோ இசையை முயலுங்கள். இரண்டே பக்கம். ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் கூடி, பிறகு ஒவ்வொன்றாகக் குறையும், மிருதங்க யதி மாதிரி. இடது கைக்கு இங்கேயும் ச க ப மட்டும்தான். முடிவை நெருங்கும் ஓரிடத்தில் மட்டும் அது ரி-யைத் தொடும். அந்த ஸ்வரத்தில் அவர் ஒரு பூ வரைந்திருக்கிறார். பெடல் இல்லாமல் வாசிக்காதீர்கள், அடியில் அழுத்திய ச செத்துவிடும்.

மணிக்கு வருவோம். எடிட்டிங் இல்லை. தொடக்கத்தில் மும்மூன்றாகக் கேட்ட அதே மணிதான், ச ஸ்வரம். கடைசி நீண்ட ஒலியில் எல்லா வில்லும் முழு பலத்தில் இழுக்கும்போது, மணியை மெதுவாக ஒரு தட்டு தட்டுகிறார்கள். அந்த இரைச்சலில் தட்டு கேட்காது. வில்கள் சட்டென்று நிற்கும், மணியின் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். தட்டிய சத்தம் கேட்டுவிட்டால் காரியம் கெட்டது. 1984இல் இசிஎம் நிறுவனம் வெளியிட்ட ‘தபுலா ரசா’ இசைத்தட்டில் ஸ்டுட்கார்ட் இசைக்குழு வாசித்தது இருக்கிறது. நல்ல ஹெட்போனில் போட்டு, மணி தேயும்போது காந்தாரத்தைக் கவனியுங்கள். அதுவரை முழுக்க ‘சாதாரண காந்தாரம்’ என்கிற கீழ் க. மணியின் உபஸ்வரங்களில் (மூல ஒலியோடு சேர்ந்து ஒலிக்கும் மெல்லிய மேல் ஸ்வரங்கள்) மெலிதாக, அதைவிட அரை ஸ்வரம் மேலே இருக்கும் அந்தர காந்தாரம் எட்டிப்பார்க்கும்.