பாஸ்வேர்டு தெரியாமலே மெயிலைத் திறக்க முடியுமா?

கேள்வி: எங்கள் அலுவலக மெயில் கிளவுடில் இருக்கிறது. பாஸ்வேர்டு நீளமானது, ஓடிபியும் உண்டு. இரண்டும் இல்லாமலே ஒருவர் உள்ளே வந்துவிடலாம் என்கிறான் தம்பி. நிஜமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நிஜம்தான். 2023-ல் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கே அது நடந்தது.

நீங்கள் லாகின் செய்ததும் உங்களுக்கு ஒரு டோக்கன், அதாவது நுழைவுச் சீட்டு மாதிரி ஒன்று, கிடைக்கிறது. அதில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அப்புறம் மெயில் சர்வர் பார்ப்பது அந்த டோக்கனை மட்டும்தான். கையெழுத்துப் போடும் சாவி, அதாவது அதற்கான ரகசிய எண், வேறொருவர் கையில் சிக்கினால், டோக்கனை அவரே செய்துகொள்வார். ஓடிபி கேட்கும் கட்டமே வராது.

மைக்ரோசாஃப்டின் அப்படியொரு சாவி, 'ஸ்டார்ம்-0558' என்று அவர்கள் பெயரிட்ட சீனக் குழுவிடம் போய்விட்டது. 2016-ல் உருவான சாவி. அது தனிநபர் கணக்குகளுக்கானது. அலுவலக மெயிலில் செல்லவே கூடாது. ஆனால் சென்றது. டோக்கனைச் சோதிக்கும் ரெடிமேட் நிரலான லைப்ரரி எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று மைக்ரோசாஃப்டின் மெயில் பிரிவினர் நம்பியிருந்தார்கள். லைப்ரரியோ கையெழுத்து அசலா என்று மட்டும் பார்த்தது. இந்தக் கணக்குக்குக் கையெழுத்துப் போட அந்தச் சாவிக்கு உரிமை உண்டா என்று ஒருவரும் பார்க்கவில்லை. வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மெயில்கள் போயின.

லாகின் நிரல்களைச் சோதிப்பதுதான் என் வேலை. எந்த டீமுக்குப் போனாலும் முதலில் கேட்பேன்: "வேறு கம்பெனிக்குக் கொடுத்த டோக்கனை இங்கே நீட்டிப் பார்த்தீர்களா?" சரியான டோக்கன் உள்ளே போகிறதா என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள், தப்பானது நிற்கிறதா என்று பார்த்தவர் குறைவு. ஒரு சம்பளக் கணக்கு மென்பொருளில் நானே நீட்டினேன். அடுத்த கம்பெனியின் சம்பளப் பட்டியல் அப்படியே திறந்தது. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அதற்காக ஓடிபியை நிறுத்திவிடாதீர்கள். பாஸ்வேர்டு திருடுகிறவனுக்கு அது பெரிய தடை. இந்த மாதிரித் திருட்டு லாக் (log), அதாவது யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவு, பார்த்தால்தான் தெரியும். வெளியுறவுத் துறையும் அப்படித்தான் கண்டுபிடித்தது. கூடுதல் காசு கட்டியவர்களுக்கு மட்டும் கிடைத்த லாக் அது. இன்றுவரை எனக்கு அதில்தான் கோபம். பிறகு பல லாக்குகளைக் கூடுதல் கட்டணமின்றித் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

உங்கள் அலுவலக ஐடி பிரிவில் கேளுங்கள்: மெயிலை எந்த ஆப் வழியாக யார் திறந்தார்கள் என்ற லாக் எத்தனை நாளுக்கு இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று.