‘ராபி ஜேக்கப்’ படத்தில் ஆள்மாறாட்டம் எதற்கு?

ஒருவரை இன்னொருவர் என்று நினைத்து எல்லோரும் நடந்துகொள்வதுதான் ஆள்மாறாட்டக் கதை. உண்மை நமக்குத் தெரியும், திரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் நுழைகிறார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்து விழுந்து விழுந்து உபசரிக்கிறார்கள். மரியாதை ஆளுக்கு இல்லை, அவர் யார் என்ற நம் நினைப்புக்குத்தான்.

ஜெரார் ஊரி 1973இல் எடுத்த இந்தப் பிரெஞ்சுப் படம் அதைக் கூர்மையாகக் காட்டுகிறது. லூயி த ஃபூனே நடித்த பிவேர் ஒரு பணக்காரத் தொழிலதிபர். யூதர், அரேபியர், வெளிநாட்டவர் யாரையும் அவருக்குப் பிடிக்காது. தன் டிரைவர் சாலமோன் யூதர் என்பதே தெரியாமல் இத்தனை நாள் காரில் போயிருக்கிறார்! அப்புறம் கொலைகாரர்களிடமிருந்து தப்ப, ஸ்லிமான் என்ற அரபுப் புரட்சிக்காரரோடு சேர்ந்து ராபி, அதாவது யூத மதகுரு, வேடம் போடுகிறார். நியூயார்க்கிலிருந்து வரும் குரு இவர்தான் என்று நம்பி, ஒரு யூதக் குடும்பம் பாரிஸில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. வெறுத்த மக்களின் நடுவே அவர் ஆடும் நடனம் இன்றும் பிரான்சில் பிரபலம். எனக்கும் படத்தில் பிடித்த இடம் அதுதான்.

இது யூதர்களைக் கேலி செய்யும் படம் என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் அடி முழுக்க வாங்குவது பிவேரின் வெறுப்புதான்.