கரண்ட் கிடாருக்குள் போவதில்லை

கேள்வி: எலெக்ட்ரிக் கிடாரைக் கண்டுபிடித்த லெஸ் பால் மீது எனக்குக் கோபம். இனிமையான ஒரு வாத்தியத்தில் கரண்டைப் பாய்ச்சி, உலகம் பூராவும் பாட்டை இரைச்சலாக்கிவிட்டார். வாசிக்கத் தெரியாதவன்கூட ஒயரைச் சொருகிவிட்டுக் கலைஞன் ஆகிவிடுகிறான். நம் இசைக்கு இதெல்லாம் தேவையா? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: கோபப்படுங்கள், ஆனால் ஆளைச் சரியாகப் பிடியுங்கள். லெஸ் பால் இந்தக் கதையில் பாதியில் வருகிறவர். 1931-லேயே லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் போஷாம் என்ற ஹவாய் கிடார்க்காரர் முதல் மாதிரியைச் செய்துவிட்டார். அடுத்த வருஷம் அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து விற்பனைக்கும் கொண்டுவந்தார். வட்டமான அலுமினிய உடல், நீளக் கழுத்து. பார்த்தவர்கள் 'ஃப்ரையிங் பேன்' (வாணலி) என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்புறம், அந்தக் 'கரண்டைப் பாய்ச்சி' விஷயம். கிடாருக்குள் கரண்ட் பாய்வதில்லை ஐயா, அதிலிருந்துதான் வருகிறது. கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தம், அதோடு ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக்கம்பி. இதற்குப் பெயர் பிக்கப். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மிகச் சின்னதாக ஒரு மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. போஷாம் 1934-ல் காப்புரிமை கேட்டார். இது உருப்படியாக வேலை செய்யுமா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். கடைசியில் வித்வான்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, அலுவலகத்திலேயே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. 1937-ல் காப்புரிமை கைக்கு வந்தபோது மற்ற கம்பெனிகளும் எலெக்ட்ரிக் கிடார் விற்றுக்கொண்டிருந்தன.

எதற்காக இவ்வளவு பாடு? ஊரை அலற வைக்கவா? கிடார் யார் காதிலும் விழவில்லை என்பதற்காக. அன்றைய நடன அரங்குகளில் டிரம்பெட், சாக்ஸபோன் கூட்டத்துக்கு நடுவே கிடார்க்காரர் தாளத்துக்குத் துணையாக 'சக் சக்' என்று தட்டிக்கொண்டிருப்பார். அவர் விரல் என்ன செய்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சந்தேகம்தான். 1939-ல் பென்னி குட்மன் என்பவரின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர். ஆம்ப்ளிஃபயர் இருந்ததால், ஒற்றை ஒற்றை ஸ்வரமாக, சாக்ஸபோன்காரர் வாசிப்பதுபோல நீளநீளமாக வாசித்தார். காசநோயில் 1942-ல் போய்விட்டார், வயது 25. அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்; கத்தல் எங்கேயும் இல்லை.

லெஸ் பால் வருவது இங்கேதான். கிடாரின் வயிறு காலியாக இருப்பதால், ஆம்ப்ளிஃபயரின் சத்தம் அதற்குள் புகுந்து ஊளையிடும். அதைத் தடுக்க 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையை எடுத்து அதில் கம்பி பூட்டினார். கிடார் மாதிரித் தெரியட்டும் என்று ஒரு கிடாரை இரண்டாக அறுத்துப் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தினார். கிடார் செய்யும் கிப்ஸன் கம்பெனிக்காரர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு 1950-ல் கலிஃபோர்னியாவின் ரேடியோ மெக்கானிக் லியோ ஃபெண்டர் கட்டைக் கிடாரைச் சந்தையில் இறக்கவும், கிப்ஸன் விழித்துக்கொண்டு 1952-ல் லெஸ் பால் பெயரிலேயே ஒன்றை வெளியிட்டது. இந்த ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. 'வாசிக்கத் தெரியாதவன்' என்ற உங்கள் புகார் பொருந்துவது இவர் ஒருவருக்குத்தான். அதுவும் அவர் வாசிக்கவில்லை, செய்துதான் கொடுத்தார்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். வேண்டுமென்றே கரகரக்க வைப்பது உண்டு, மறுக்கவில்லை. 1951-ல் அமெரிக்காவின் ஐக் டர்னர் இசைக்குழு பாட்டுப் பதிவு செய்ய மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போனது. வழியில் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் சாம் ஃபிலிப்ஸ் கிழிசலில் காகிதத்தைத் திணித்து, அந்தக் கரகரப்போடேயே பதிவு செய்தார். பாட்டு ஓடியது. பதினைந்து வருஷத்துக்குள் அந்தக் கரகரப்பை உண்டாக்கவென்றே தனிப் பெட்டி கடையில் விற்றது. நாகஸ்வரத்தில் சீவாளியின் அந்தக் கூர்மையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். 1969-ல் வுட்ஸ்டாக் இசை விழாவில் கிடார்க்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசித்தார். இடையிடையே வியட்நாமில் விழுந்த குண்டு மாதிரி அது அலறியது. அந்த இடத்தில் இனிமையாக வாசித்திருந்தால்தான் அபத்தம்.

குறை சொல்லியே தீரவேண்டும் என்றால் ஒரு நியாயமான குறை இருக்கிறது. பதினைந்து பேர் ஊதி நிரப்பிய அரங்கை, இரண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், ஒரு டிரம்ஸ் என்று நாலு பேர் நிரப்பிவிட்டார்கள். நாலு பேர் சம்பளத்தோடு முடிகிறதென்றால் எந்த முதலாளி பதினைந்து பேரைக் கூப்பிடுவார்? பெரிய வாத்தியக் குழுக்கள் அருகிப்போனதற்கு யுத்தம், வரி என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் பிழைப்புப் போன ஊதுகுழல்காரர்களுக்காக நீங்கள் கோபப்பட்டிருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன். அதே சமயம், ஏழை வீட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து குழு ஆரம்பிக்க முடிந்ததும் இதனால்தான். இங்கிலாந்தின் லிவர்பூலில், பீட்டில்ஸ் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

நம் இசைக்குத் தேவையா என்கிறீர்கள். மாண்டலின் சீனிவாஸ் கையில் இருந்தது என்ன என்று நினைத்தீர்கள்? சாதாரண மாண்டலினில் தட்டியவுடன் நாதம் செத்துவிடும், கமகம் நிற்காது. ஜோடிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒற்றைக் கம்பி ஐந்தும் பிக்கப்பும் உள்ள எலெக்ட்ரிக் மாண்டலினைத்தான் அவர் வாசித்தார். போஷாமின் அதே காந்தம், அதே சுருள். பழைய கச்சேரிப் பதிவு ஏதாவது கிடைத்தால், ஒரே ஒரு ஆலாபனையைக் கேளுங்கள். அதுவும் இரைச்சல்தான் என்றால் மறுபடி எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.