சிங்கப்பூரில் ரிமோட், பள்ளத்தூரில் வண்டி: கம்பெனி அலாரம் தேவையா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்கு அருகே உள்ள பள்ளத்தூர். சிங்கப்பூரில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் ஊருக்கு வருவேன். அப்போது ஓட்டுவதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் 400 சிசி பைக் ஒன்று வாங்கினேன். வீட்டில் அப்பத்தா மட்டும்தான் இருக்கிறார். சென்ற மாதம் அடுத்த தெருவில் ஒரு பைக் திருடு போய்விட்டது. 'வெளிநாட்டில் இதே மாடலுக்குக் கம்பெனியே அலாரம் கொடுக்கிறது, வரவழைத்துப் பொருத்தித் தருகிறோம், 22,000 ரூபாய் ஆகும்' என்கிறார் ஷோரூம்காரர். ஐந்து வருட இன்சூரன்ஸும் இருக்கிறது. அலாரம் பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். ஷோரூம்காரர் பொய் சொல்லவில்லை. கம்பெனி அலாரம் நல்ல பொருள்தான். ஆனால் அவர் வண்டியை மட்டும் பார்த்து விலை சொல்லியிருக்கிறார். அது எங்கே நிற்கிறது, எத்தனை நாள் ஓடாமல் நிற்கிறது என்று கேட்கவில்லை.

அலாரத்தின் வேலை ஒன்றே ஒன்று. யாராவது வண்டியை அசைத்தாலோ சாய்த்தாலோ கத்தும். அந்தச் சத்தத்துக்கு ஓடிவர ஒருவர் இருக்க வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்தெருவில் முகப்பு, பின்தெருவில் அடுப்படிக் கதவு. முன்வாசல் படியில் பைக்கை ஏற்ற முடியாது என்பதால் பின்தெரு வழியாக ஏற்றிப் பின்கட்டில்தான் நிறுத்தியிருப்பீர்கள். அப்பத்தா படுப்பது வளவை (நடுமுற்றத்தை) ஒட்டிய அறையாக இருக்கும். நடுவில் இரண்டு கட்டு, மூன்று நான்கு கதவுகள். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கும். அதற்கடுத்த வீடும் அப்படித்தான் இருக்கும். சைரன் கத்தி யார் வருவார்கள்?

ஐப்பசி மாதத்து இடிக்கும், சீட்டில் குதிக்கும் பூனைக்கும் அது கத்தும். அதை நிறுத்தும் ரிமோட் சிங்கப்பூரில் உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கும். ஊரிலேயே ஒரு ரிமோட்டை விட்டுப் போனாலும், இரவு இரண்டு மணிக்கு அப்பத்தா இருட்டில் பின்கட்டுக்கு நடந்துபோய் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேட வேண்டும். வயதானவர்களை அந்த நேரத்தில் படி இறங்க வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் சொல்லும் ரக வண்டிகள் பலவற்றில் சாவிக்குள்ளேயே ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சாவி அருகில் வந்தால்தான் என்ஜின் உயிர் பெறும். வண்டியை அணைத்த பிறகு மீட்டரில் சாவி போன்ற சிறு விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் அந்தப் பூட்டு உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. ஒயரை இணைத்து ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போவது பெரும்பாலும் நடக்காது. அப்படிப்பட்ட வண்டியைத் திருட வருபவன் ஹேண்டில் பூட்டை உடைத்துத் தள்ளிக்கொண்டு போவான், அல்லது இரண்டு மூன்று பேராகத் தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிடுவான். அலாரம் அவனைத் தடுக்காது. சங்கிலி தடுக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. உங்கள் விஷயத்தில் இதுதான் பெரிய சிக்கல்.

சில மாதங்களுக்கு முன் கண்டனூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் துபாயில் இருக்கிறார்; அவருடைய புல்லட் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அழைத்தார்கள். சாவியைத் திருப்பினேன். மீட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சீட்டின் அடியில், கடையில் வாங்கிப் பொருத்திய ஒரு அலாரம் மட்டும் தொண்டை கட்டிய காகத்தைப்போல ஒரு முறை முனகி அடங்கியது. நன்றாக இருக்கும் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும். அங்கே 9.4. என்னிடமிருந்த நல்ல பேட்டரியை வைத்து, நெகட்டிவ் முனைக்கும் ஒயருக்கும் நடுவில் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை இணைத்துப் பார்த்தேன். வண்டி அணைந்திருக்கும்போதே 23 மில்லிஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. கேட்டால் சின்ன எண்தான். பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் ஆம்பியர்-மணியில் ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 0.55. 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி ஒரே வாரத்தில் காலி. வாரக்கணக்கில் காலியாகவே கிடந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. தகடுகளில் வெள்ளை உப்புப் படிந்து இறுகிவிடும்.

கம்பெனி அலாரம் இவ்வளவு குடிக்காது. 5 மில்லிஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 90 நாளைக்கு 10.8 ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரி முழுவதும் சேர்ந்தாலே அவ்வளவு இருக்காது. இதற்கு மேல் வண்டியின் கடிகாரம், நம் ஊர் வெயிலில் பேட்டரி தானாக இழப்பது எல்லாம் இருக்கிறது. சில கம்பெனி அலாரங்கள் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகச் சில நாட்களில் தாமாகவே உறங்கிவிடும். அப்படியானால் நீங்கள் ஊரில் இல்லாத மூன்று மாதத்தில் பெரும்பகுதி அதற்கு உறக்கம்தான். இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்குக் காவல் இல்லை.

கிளம்பும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். செலவே இல்லாத நல்ல வழி இது. அலாரம் இருந்தால் இதையும் செய்ய முடியாது; உள்ளே தனி பேட்டரி வைத்திருக்கும் அலாரங்கள் ஒயரைக் கழற்றினாலே திருடன் வந்துவிட்டான் என்று கத்தும்.

அப்படியானால் கம்பெனி அலாரம் யாருக்குத்தான் பயன்படும் என்று கேட்பீர்கள். ஒருவருக்குப் பயன்படும். அவரைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த ஆண்டு நீங்களே அவராக மாறலாம். நீங்கள் ஊர் திரும்பிக் காரைக்குடியில் மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறீர்கள். கீழே நிறுத்த இடமில்லை, வண்டி தெருவில் உங்கள் ஜன்னலுக்கு நேர்கீழே நிற்கிறது. தினமும் ஓட்டுகிறீர்கள், அதனால் பேட்டரி தினமும் நிரம்புகிறது. கத்தினால் நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய் ஆயிரம் வண்டிகளுக்கு நடுவே நிறுத்துகிறீர்கள் என்றால், அங்கேகூட அலாரம் அவ்வளவு உதவாது. அந்தக் கூட்டத்தின் சத்தத்தில் எது கேட்கும்? ஆக, தினமும் ஓடும் வண்டி, காதுக்கு எட்டும் தூரம், இரண்டும் சேர வேண்டும். அத்துடன் மூன்றாவதாக ஒன்று: உங்கள் வண்டியின் ஒயரிங்கில் அந்த அலாரத்துக்கான இணைப்பு கம்பெனியிலிருந்தே வந்திருக்க வேண்டும். சீட்டைத் தூக்கினால் ரப்பர் மூடி போட்ட, எதிலும் செருகப்படாத ஒரு சாக்கெட் தெரியலாம். கையேட்டில் அது அலாரத்துக்கானது என்று எழுதியிருந்தால் சரி. ஐரோப்பாவுக்குப் போகும் வண்டியில் அந்த ஒயர் இருக்கும், இந்தியாவில் விற்கும் அதே மாடலில் இல்லாமலும் இருக்கும். சாக்கெட் இல்லையென்றால் 'கம்பெனி அலாரம்' என்ற பெயருக்கு அர்த்தமே இல்லை. ஒயரை வெட்டித்தான் இணைப்பார்கள். சாக்கெட் இருந்தால்கூடச் செருகியவுடன் வேலை முடிந்துவிடாது. பல மாடல்களில் கம்பெனியின் கணினியை இணைத்து, வண்டிக்கு அலாரத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அந்தக் கணினி உங்கள் ஷோரூமில் இருக்கிறதா, அல்லது மதுரைக்கு எடுத்துப்போக வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். இணையத்தில் பாதி விலைக்கு 'ஒரிஜினல்' என்று விற்பதில் பல, விபத்தான வண்டியிலிருந்து கழற்றியவை. இன்னொரு வண்டிக்கு அறிமுகமான அலாரத்தை உங்கள் வண்டி ஏற்காமல் போகலாம், பணம் திரும்பாது. அதைவிட மோசம், ரிமோட்டிலேயே வண்டியை ஸ்டார்ட் செய்யலாம் என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பொருத்தித் தரும் கடை அலாரம். அதைப் பொருத்த இக்னிஷன் ஒயரை வெட்டுகிறார்கள். கியரில் நிற்கும் வண்டியை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் அது முன்னே பாயக்கூடும். எதிரில் குழந்தை நின்றால் என்ன ஆகும்? அப்படிப் பொருத்திய வண்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கறுப்பு டேப் வெயிலில் உருகி வழிந்து, உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, டேங்கின் அடியில் உராய்ந்து கிடக்கும். பெட்ரோல் இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளித் தீப்பொறி பறக்கலாம். 'வாரண்டி போகாது' என்று கடைக்காரர் வாயால் சொல்வார். ரசீதில் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டார்.

'அலாரம் இருந்தால் இன்சூரன்ஸ் குறையும்' என்பதும் அவர்கள் சொல்வதுதான். சலுகை உண்டு. உங்கள் வண்டிக்கே வரும் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கான 'சொந்தச் சேத' (Own Damage) பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு 25 ரூபாய். அதற்கும் அந்தக் கருவிக்குப் புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். பொருத்தியதற்கு ஆட்டோமொபைல் சங்கத்தின் சான்றிதழும் வேண்டும். பள்ளத்தூர்க்காரர் 25 ரூபாய்க்கு எந்த ஊர் போய் யாரிடம் சான்றிதழ் வாங்குவார்? மக்களால் எட்டவே முடியாத சலுகையை விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது சங்கிலி. 22,000 ரூபாயில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாது. 12 மில்லிமீட்டருக்குக் குறையாத, கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியாகப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு வேண்டாம். அதைக் கட்டரால் நொடியில் வெட்டலாம். பின்சக்கரத்தையும் வண்டியின் சட்டத்தையும் (ஃபிரேம்) சேர்த்துக் கட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால் அதைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைத் தூக்கிப் போவார்கள். சங்கிலி தரையில் படாமல் இறுக்கமாக இருக்கட்டும். தரையில் கிடந்தால் சுத்தியலால் அடிக்க வசதி. மறுமுனையைப் பின்கட்டுக் கல்தூணில் சுற்றுங்கள். சுவரில் வளையம் அடிக்காதீர்கள். நம் பழைய சுண்ணாம்புச் சுவரில் போல்ட் பிடிக்காது, இழுத்தால் செங்கல்லோடு வந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துளை போடுவதையும் தயவுசெய்து நினைக்காதீர்கள். கல்தூண் இல்லையென்றால் பின்முற்றத்தில் ஒன்றரை அடி குழி எடுத்து, கான்கிரீட்டில் இரும்பு வளையம் பதிக்கச் சொல்லுங்கள். பின்தெருக் கதவின் தாழ்ப்பாளையும் அதே கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் சொல்லிப் போன 'ஐந்து வருட இன்சூரன்ஸ்'. உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த வரி அதுதான். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது உங்கள் வண்டி இன்னொருவருக்கு ஏற்படுத்தும் பாதிப்புக்கானது. வண்டி திருடு போனால் அதில் ஒரு ரூபாய் கிடைக்காது. திருட்டுக்கு ஈடு தருவது 'சொந்தச் சேதம்' என்ற பகுதி. புது வண்டியுடன் அது பெரும்பாலும் ஒரே ஒரு வருடத்துக்குத்தான் வரும். இரண்டு தேதிகளும் ஒரே காகிதத்தில் இருக்கும். விற்கும்போது ஐந்து என்ற எண்ணை உரக்கச் சொல்கிறார்கள், ஒன்று என்ற எண்ணை யாரும் சொல்வதில்லை. வண்டி களவு போன பிறகு இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. புதுப்பித்த நினைவு இல்லையென்றால், இன்றைக்கு உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும் திருட்டுக் காப்பீடே இல்லை.

திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒன்று சிங்கப்பூரில், ஒன்று ஊரில் என்றாலும் இரண்டும் எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். வண்டியிலேயே ஒன்றைத் தொங்கவிட வேண்டாம். ஆர்.சி. நகல், என்ஜின் எண், சேஸிஸ் எண் மூன்றையும் நம்பிக்கையான பங்காளி ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். புகாரை உரிமையாளரே கொடுக்க வேண்டும் என்பதில்லை. காவல் நிலையத்தில் பல நேரம் புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கொடுத்து 'தேடிப் பார்க்கிறோம்' என்று அனுப்புவார்கள். அது போதாது, முதல் தகவல் அறிக்கைதான் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மின்னஞ்சலிலும் புகார் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். திருட்டுக்கு வழக்குப் பதிய இத்தனை படி ஏற வேண்டியிருப்பது வெட்கக்கேடு; ஆனாலும் ஏறத்தான் வேண்டும். காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி ஈட்டை மறுக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்த முறை ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே பாலிசியைத் திறந்து 'சொந்தச் சேதம்' என்ற வரிக்கு எதிரே உள்ள முடிவுத் தேதியைப் பாருங்கள். தேதி கடந்திருந்தால் புதுப்பிக்கும் முன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் கேட்கக்கூடும். அப்பத்தாவிடம் சொல்லி, பங்காளி வீட்டுப் பிள்ளை யாரையாவது வரச்செய்து, பின்கட்டுக் கதவைத் திறந்து நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.