ஆசிரியப் பணிக்கு ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால்

பணிப் பாதுகாப்பையும் விடுமுறையையும் எண்ணியே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்ததாகவும், நேர்முகத் தேர்வில் காரணம் கேட்டால் "சேவை மனப்பான்மை" என்று பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பொய் தேவையே இல்லை. கற்பித்தலில் உள்ள ஈடுபாடு, ஊதியம் போன்ற புறப்பயன்கள், பிறர்க்கு உதவும் விருப்பம் என ஆய்வாளர்கள் இக்காரணங்களைப் பெரும்பாலும் மூன்றாக வகுத்தாலும், ஒருவரிடமே மூன்றும் கலந்திருப்பதுதான் இயல்பு. ஹெலன் வாட், பால் ரிச்சர்ட்சன் ஆகியோர் ஆஸ்திரேலியப் பயிற்சி ஆசிரியர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குக் கற்பிக்க வரும் என்ற நம்பிக்கை முன்வரிசையில் நின்றது. வேறு வழியின்றி வந்தோம் என்பது கடைசியில் நின்றது.

உங்கள் பதிவிலேயே நல்ல பதில் இருக்கிறது. நீங்கள்தான் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். 1/2, 1/3 இரண்டையும் கூட்டி 2/5 என்று எழுதிய சிறுமியிடம், தவறு என்று விடையை அடித்துவிடாமல், "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டீர்கள் அல்லவா? அவள் தானே அழித்துத் திருத்தியபோது உங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அப்படியே சொல்லுங்கள். (தேர்வுக்குழுவினர் "சேவை" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.) பணிப் பாதுகாப்பையும் மறைக்காமல் ஒரு வாக்கியத்தில் குறிப்பிடலாம். விடுமுறையை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். விடைத்தாள் திருத்தமும் பாடத் தயாரிப்பும் அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும்.